தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் இருக்க

ஐப்பசி பிறந்தால் கேட் ஓரம் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி, செக்யூரிட்டியை அதனடியில் உட்கார வைத்துவிடுகிறோம். இரவு முழுக்க அவர் அங்கேதான். நாம் கட்டிய லட்சணத்துக்கு, வெளியே நின்றாலும் ஒன்றுதான்!

பாங்கில் இருந்தவன், கணக்கிலேயே ஆரம்பிக்கிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆவடியில் 28 செ.மீ. பெய்தது. பத்துக்குப் பத்தடி தார்ப்பாய் மேல் அது சுமார் 2,600 லிட்டர். மட்டமாகக் கட்டினால் நடுவில் தொப்பை விழும், தண்ணீர் சேரச் சேரக் கம்போடு சாயும், அவர் தலையில். ஆகவே ஒரு பக்கம் இரண்டடியாவது தாழட்டும். அந்தத் தாழ்ந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். இந்தப் பருவத்தில் சாரல் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கயிற்றை யாரும் கவனிப்பதில்லை. மேலே கட்டிய கயிறு வழியாகவே தண்ணீர் வழிந்து உள்ளே வரும். தார்ப்பாயை ஒட்டி, கயிற்றில் ஒரு சணல் துண்டை முடிந்து தொங்கவிடுங்கள். அதன் வழியாக வெளியிலேயே சொட்டிவிடும்.

கீழே செங்கல் அடுக்கிப் பலகை போடவேண்டும். இல்லையென்றால் கால் தண்ணீரில்தான். பல்பு ஒயரைத் தயவுசெய்து கம்பில் சுற்றாதீர்கள்.

புதுத் தார்ப்பாய், சவுக்குக் கம்பு, கயிறு. இந்தச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் சேர்க்க அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அன்று வந்து கை தூக்குங்கள்.