வீணாகும் சூடும் வெந்நீர்க் குளியலும்



மழையில் நனைந்து, பால் வாடையோடு லயம் திரும்பும் நமக்கு ஒரு வாளி வெந்நீர் ஆடம்பரமல்ல. விறகுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? ஆனால் நம் பால் லாரியோ தினமும் சூட்டைச் சுமந்து வந்து காற்றில் விடுகிறது!

கிராணி வேலை பார்ப்பதால் கணக்காகவே சொல்கிறோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 8,500 கிலோ கலோரி சூடு பிறக்கும். அதில் ஏறக்குறைய கால் பங்கு, இஞ்சினைச் சுற்றும் தண்ணீரோடு ரேடியேட்டருக்குப் போய் வீணாகிறது. 40 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 600 கிலோ கலோரி போதும். கணக்குப்படி, ஒரு லிட்டரின் வீண் சூட்டில் மூவர் குளிக்கலாம்.

அதற்காக ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாளியில் பிடிக்கலாமா? கூடவே கூடாது! 80, 90 டிகிரிச் சூட்டில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். அதில் கலக்கும் கிளைக்கால் மருந்து விஷம்.

முறை வேறு. இஞ்சின் நீர் ஒரு புறம், குளிக்கும் நீர் மறு புறம், நடுவே உலோகத் தகடுகள். இப்படியொரு பெட்டியை இஞ்சின் நீர்க் குழாயில் மெக்கானிக் பொருத்த வேண்டும். சூடு கடக்கும், நீர் கலக்காது. பச்சைத் தண்ணீர் சேர்த்துச் சூட்டைத் தணிக்கும் வால்வும் அவசியம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் டீசல் வண்டியில் பயணம் செய்வோர் சிலர் இப்படிக் குளிப்பதுண்டு. புகை நஞ்சு, ஆகையால் வண்டி திறந்த வெளியில்தான் நிற்க வேண்டும்.

லாரி நிர்வாகத்தின் சொத்து. ஆகவே யாரும் தாமாகக் கை வைக்க வேண்டாம். கமிட்டி மூலம் கேட்போம். காற்றுக்குக் கொடுக்கும் சூட்டைத் தொழிலாளிக்குக் கொடுப்பதில் நிர்வாகத்துக்கு என்ன பெரிய நஷ்டம்?