மெய்ப்பாடும் அதன் நிலைக்களனும்



வாய் திறக்கும் முன்னரே முகம் பேசிவிடுகிறது. 'சாப்பிட்டாயிற்று' என்று விருந்தினர் சொன்னாலும், அவர் முகவாட்டம் கண்டு இலை போடுவது தமிழ் இல்லத்து வழக்கம். சொல்லும் உடலும் முரண்படுங்கால் மக்கள் உடலையே நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு தகும் என்பதே ஈண்டு எண்ணற்பாலது.

உள்ளத்து உணர்வு உடலின்கண் புலப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். பொருளதிகாரத்தின் ஆறாம் இயலே அதற்கென அமைந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றைப் பெயரிட்டதோடு அவர் அமையவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக, ஆக 32 என வகுத்தார். அவர் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களன்கள். இழிவுற்றவன் கண்ணீரும், உறவை இழந்தவன் கண்ணீரும், வறியவன் கண்ணீரும் காண்பார்க்கு ஒன்றே, களன்களோ வெவ்வேறு. நகையும் அத்தகையதே. எள்ளலிலும் அது பிறக்கும், இளமையிலும் பிறக்கும். பிள்ளைமைச் சிரிப்பை எள்ளல் எனக் கொண்டு நட்பை முறித்தவர் உலகில் பலர்.

வள்ளுவரும் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். 71ஆம் அதிகாரம் அரசவை சார்ந்தது; 110ஆம் அதிகாரம் காதலர் சார்ந்தது. பெயர் ஒன்றாயினும் அவையில் குறிப்பறியும் முறை வேறு, காதலில் அறியும் முறை வேறு என்பது இதனால் பெறப்படும்.

மேலைநாட்டில் டார்வின் 1872இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் குறித்துத் தனிநூல் எழுதினார். 1960களின் பிற்பகுதியில் பால் எக்மன் பாப்புவா நியூகினி மக்களிடம் நிழற்படங்களைக் காட்டி ஆராய்ந்து, சில முகக்குறிப்புகள் மாந்தர் அனைவர்க்கும் பொது என்றார். எனினும், ஒரே உணர்வு பண்பாட்டுக்கும் சூழலுக்கும் ஏற்ப முகத்தில் வேறுபடும் என லிசா பெல்ட்மன் பாரட்டும் உடன் ஆய்வாளரும் 2019இல் எடுத்துக்காட்டினர். முகத்தை மட்டும் கொண்டு அகத்தை முடிவு செய்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. களனை வற்புறுத்திய தொல்காப்பியத்திற்கு அக்கருத்து அயலானதன்று.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வகுப்பறையில் ஒரு பொருள் காணாமற் போகிறது. ஆசிரியர் வினவுகிறார். ஒரு சிறுவன் முகம் வெளிறுகிறது, கண் நிலம் நோக்குகிறது, நா குழறுகிறது. 'இவனே எடுத்தவன்' என்று வகுப்பு முழுவதும் தீர்ப்பளிக்கிறது. ஆனால் அச்சத்திற்குரிய களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. தன்மேல் அதிகாரம் உடையார்முன் குற்றமற்றவனும் நடுங்குவான். பெரியோர்முன் கண் தாழ்த்துவதோ பணிவு எனப் பயிற்றப்பட்டது. அச்சத்தைச் சரியாகக் கண்ட வகுப்பு அதன் களனைத் தவறாகக் கொண்டது. அத்தவற்றால் ஓர் இளநெஞ்சில் விழும் வடு எளிதில் ஆறுவதில்லை. காவல் நிலையத்திலும் நேர்முகத் தேர்விலும் வீட்டுக் கூடத்திலும் இப்பிழை நாள்தோறும் நிகழ்கிறது.

கவிஞர்க்கும் இதில் பாடம் உண்டு. 'கண்ணீர் வடித்தாள்' என்று எழுதிய அளவில் அழுகை பிறந்துவிடாது. எதன்பொருட்டு வடித்தாள் என்னும் களன் பாட்டினுள் உயிர்பெற்ற பின்னரே படிப்பவர் கண் கலங்கும். களன் இன்றிக் கண்ணீரை மட்டும் அடுக்கும் கவிதை, முகம் வெளிறியதைக் கொண்டே தீர்ப்புரைத்த வகுப்பை ஒத்தது.

மெய்ப்பாட்டியலை முடிக்கும் தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் தெளிய உணரும் உணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் புலப்படாது என்கிறார். கண் ஒன்றே போதும் என அவர் கூறவில்லை, செவியையும் உடன்சேர்த்தார். முகம் கண்டவர் சொல்லையும் கேட்டல் வேண்டும். அச்சிறுவனை அருகழைத்து, 'என்னப்பா நடந்தது?' என்று ஒருவர் கனிவுடன் கேட்டிருப்பின், அவன் முகம் சொல்லாததை வாய் சொல்லியிருக்கும்.