தூக்கத்தையும் கணக்கில் எழுதுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"உடல்நலத்தைப் பற்றி பத்து நிமிஷம் பேசு" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் குழுவில் எட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கவும், மாத்திரை கொடுக்கவும் மகளிர் குழுக்களில் இருந்தே தன்னார்வலர்களை எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை.

சர்க்கரை, உடம்பு எடை, தூக்கம் என்ற மூன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முதல் இரண்டையும் எல்லோரும் பேசுகிறோம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நான் செய்த அந்தத் தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு மதினி, எங்கள் குழு உறுப்பினர். பகலில் பட்டாசு ஆலை வேலை. வயது 46, எடை 74 கிலோ. மாத்திரையை ஒரு நாள்கூட விடமாட்டார். ஆனாலும் வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் 220-க்குக் கீழே இறங்காது. ஒவ்வொரு தடவையும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "மதினி, வாயைக் கட்டுங்க. சோத்தைக் குறைங்க. கொஞ்சமாவது நடங்க." அவரும் ஒரே பதில்தான் சொல்வார். "அரை வயித்துக்குத்தான் தாயி சாப்பிடுதேன். பச்சத் தண்ணி குடிச்சாலும் உடம்பு ஏறுது."

நான் நம்பவில்லை. மறைச்சு மறைச்சுத் தின்கிறார் என்றே நினைத்தேன். நாலு பேர் முன்னால் கேலியாகவும் பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. சுகர் சீட்டைப் பார்த்துவிட்டு, நான் ஒரு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க? எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?"

மதினி முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார். "ஆலையில இருந்து வந்து, சமையல் முடிச்சு, பன்னெண்டரை வரைக்கும் காகிதக் குழாய் உருட்டுவேன். படுத்தா நாலு தடவை ஒண்ணுக்குப் போக முழிப்பு வந்துரும். நாலரைக்கு எந்திரிச்சாத்தான் ஆலை வண்டியைப் பிடிக்க முடியும்."

"உடம்புக்கு முடியாம ஏம்மா அவ்வளவு நேரம் உருட்டுறீங்க?"

"பத்தாம் தேதி குழுவுக்குத் தவணை கட்டணும்ல டாக்டரம்மா."

அக்காமார்களே, அந்தத் தவணையை மாசாமாசம் கேட்டு வாங்குகிறவள் நான்தான். பத்தாம் தேதி நோட்டைத் தூக்கிக்கொண்டு போனதும் நான். பதினொன்றாம் தேதி சுகர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் "உடம்பைக் குறைங்க" என்று திட்டினதும் நான். நாலு மணி நேரம், அதுவும் விட்டு விட்டுத் தூங்குகிற ஒரு பெண்ணிடம் "உனக்கு வாய்க்கட்டு இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடந்து வர முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தூக்கம் கெட்டால் எடையும் சர்க்கரையும் ஏன் ஏறுகிறது என்று எளிமையாகச் சொல்கிறேன்.

நம் உடம்பில் பசியைத் தூண்டுகிற ஒரு சுரப்பு இருக்கிறது. அதன் பேர் கிரெலின். "வயிறு நிறைஞ்சது, போதும்" என்று சொல்கிற சுரப்பு லெப்டின். தூக்கம் குறைந்தவர்களுக்கு முதலாவது கூடுவதையும் இரண்டாவது குறைவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி முழித்திருந்தால் இட்லி கேட்பதில்லை, சேவும் பரோட்டாவும் கேட்கிறது நாக்கு. அதற்கு அவரவர் மனசு மட்டும் காரணம் இல்லை.

1999-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில், நோய் எதுவும் இல்லாத இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க விட்டார்கள். அந்த ஆறு நாளிலேயே அவர்கள் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் நன்றாகக் குறைந்துபோனது. நல்ல உடம்புக்கே அந்த நிலை என்றால், ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு என்ன செய்யும்?

2022-ல் அதே ஊரில் இருந்து இன்னொரு ஆய்வு வெளியானது. எடை கூடிய, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிற 80 பேரை எடுத்தார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. பாதிப்பேருக்குத் தூக்கத்தை மட்டும் கூட்ட வழி சொன்னார்கள். அவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 270 கலோரி சாப்பாடு தானாகக் குறைந்தது. நம் கணக்கில் நாலைந்து சின்ன இட்லி.

2010-ல் வெளியான மற்றொரு சின்ன ஆய்வு எனக்கு மனசில் நிற்கிறது. ஒரே ஆட்களுக்கு ஒரே அளவு பத்தியச் சாப்பாடு. ஒரு தடவை எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு தடவை ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு தடவையும் ஒன்றுபோலக் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு. மீதி சதையாகக் கரைந்துவிட்டது. பட்டினி கிடந்தும் தொப்பை அப்படியே, கை கால் மட்டும் சோர்ந்து போகிறது என்கிறோமே, அந்தக் கதைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் தூக்கம் கெடும். ரத்தத்தில் மிஞ்சின சர்க்கரையைச் சிறுநீரகம் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. அதனால்தான் ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது, நாக்கு வறளுகிறது. நரம்பு பாதித்தால் பாதம் எரியும், ராத்திரியில் அதிகமாக எரியும். கழுத்தில் சதை போட்டவர்களுக்குத் தூங்கும்போது தொண்டை அடைத்து, சத்தமான குறட்டை நடுவில் நின்று, திணறி முழிப்பு வரும். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நாம் சிரிக்கிறோம். அது மூச்சு அடைபடுகிற நோயாக இருக்கலாம். பிரஷரும் சுகரும் அதனால் ஏறும். அதற்கு வைத்தியம் உண்டு.

நம் ஊருக்கு வருவோம். தீபாவளிக்கு முந்தைய மாசங்களில் பட்டாசு வேலை, அது முடிந்தால் காலண்டர், டைரி வேலை. பீஸ் கணக்கில் கூலி. தூங்கினால் காசு போச்சு என்று பழகிவிட்டோம். தண்ணீர் ராத்திரி வந்தால் அதற்கும் நாம்தான் எந்திரிக்கிறோம். முழிப்புக்கு டீ, டீக்குத் தொட்டுக்கொள்ள சாத்தூர் சேவு. மருந்து புழங்குகிற இடத்தில் கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தொழிலில் தூக்கம் உயிர்ப் பாதுகாப்பும்கூட.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. அதில் நாமும் இருக்கிறோம். என்ன செய்யலாம் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரே நாளில் முடியாது. முதல் வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடியுங்கள். ராத்திரித் தண்ணீர் பிடிக்கிற முறையை வீட்டு ஆம்பளைகளும் எடுத்துக்கொள்ளட்டும்.

தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்கு மேல் போனால் எச்சரிக்கை. ஆண்களுக்கு 90. அதைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள். 74 கிலோ இருக்கிறவர் நாலு கிலோ குறைத்தாலே சர்க்கரையில் பலன் தெரியும். அதே நேரத்தில், எந்த முயற்சியும் இல்லாமல் உடம்பு மளமளவென்று இளைத்தால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை என்பதற்கு அதுவும் அடையாளம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

ராத்திரி வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி முழிப்பு வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே சீனித் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாள் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

மதினி கதையை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நான் அந்த மாசக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பாட்டியம்மாதான் சொன்னார். "கடன் எங்கயும் ஓடிப் போகாது. ஆளு போயிட்டா யாருகிட்ட வாங்குவ?" மீதியிருந்த பத்துத் தவணையை இருபதாகப் பிரித்துத் தீர்மானம் போட்டோம். மதினி இப்போது பத்து மணிக்குக் குழாய்க் கட்டையை ஓரம் வைத்துவிடுகிறார். தண்ணீர் பிடிப்பது அண்ணன் பொறுப்பு. வாரத்துக்கு இருநூறு ரூபாய் வருமானம் குறைந்தது உண்மை. ஏழு மாசத்தில் எடை மூன்று கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சுகர் 150-க்கு வந்திருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும். ஆனால் ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கிறார்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இரண்டு. நோயோடு இருக்கிற உறுப்பினருக்குத் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்க எல்லாக் குழுவிலும் ஒரு விதி வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் போடுகிற பழக்கத்தையும் விட வேண்டும்.

உங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும், பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள்: "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?" பதிலைச் சொல்லுகிற வரைக்கும் காத்திருங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.