கருங்கல்லும் வெந்நீரும்



எரிமலை என்றதும் நமக்கு இத்தாலியும் ஜப்பானும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மும்பையில் வாழும் தமிழர்களின் காலடியில் இருப்பதே எரிமலைக் குழம்பு உறைந்த பாறைதான். ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் அதைக் கண்ணாரக் கண்டு வரலாம்.

காலையில் அந்தேரி நிலையத்தில் இறங்கி, மேற்கே கில்பர்ட் குன்றுக்குச் செல்லுங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 200 அடி உயரத்திற்கு அக்கரும்பாறை செங்குத்தாக நிற்கிறது. தூண்களை நெருக்கி நிறுத்தினாற்போன்ற அதன் தோற்றம் சிற்பியின் வேலையன்று. குழம்பு ஆறும்போது சுருங்கும். ஏரி வற்றியபின் களிமண் வெடிப்பதுபோல் பாறையும் வெடிக்கும். அவ்வெடிப்புகள் ஆழ இறங்கியதால் பட்டைத் தூண்கள் உருவாயின. இது நிகழ்ந்து ஆறு கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. அந்த யுகத்தில் நிலப்பிளவுகள் வழியே பொங்கிய குழம்பு, இன்றும் தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. மாமல்லபுரத்துக் கருங்கல் வேறு. அது பூமியின் ஆழத்தில் உருவானது, பன்மடங்கு பழமையானது. எலிபெண்டாக் குகைகளோ இந்த எரிமலைக் கல்லில் குடையப்பட்டவை.

அங்கிருந்து ரயிலில் வசாய் சென்று, பேருந்தில் வஜ்ரேஸ்வரியை அடையலாம். 1739-இல் வசாய்க் கோட்டையை வென்ற சிமாஜி அப்பா எழுப்பிய அம்மன் கோயில் அங்கே உள்ளது. அருகில் தான்சா ஆற்றங்கரையில், அக்லோலியிலும் கணேஷ்புரியிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன.

காலையில் எரிமலைப் பாறையைக் கண்டவர், மாலையில் ஊற்றின் சூட்டுக்கும் எரிமலையே காரணம் என்று எண்ணுவது இயல்பு. அது பொருந்தாது. அந்தக் குழம்பு ஆறிப் பல கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. பூமிக்குள் செல்லச் செல்ல வெப்பம் மிகும். மழைநீர் பாறைப் பிளவுகளில் வெகு ஆழம் இறங்கி, அவ்வெப்பத்தை ஏற்று, வேறொரு பிளவு வழியே மேலே வருகிறது. ஆகவே எரிமலை வெடிக்குமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. நீரின் சூட்டுக்குத்தான் அஞ்சவேண்டும். தொட்டிக்குத் தொட்டி சூடு மாறும். கையால் தொட்டுப் பார்த்த பின்னரே குழந்தைகளை இறக்குங்கள்.

அஞ்சத்தக்க செய்தி வேறொன்று உண்டு. கில்பர்ட் குன்றைச் சுற்றிக் கல்லுடைத்தும் கட்டடம் எழுப்பியும் அதனை மிகவும் ஒடுக்கிவிட்டார்கள். 2007-இல் மாநகராட்சி அதனைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனினும் அறிவிப்பு மட்டும் பாறையைக் காத்துவிடாது. பிழைக்க வந்த ஊர் என்று நாம் ஒதுங்கி நிற்கலாகாது. நம் பிள்ளைகளுக்கு அது பிறந்த ஊர். குன்று நிற்கும்போதே அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள்.