வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்

தோட்டத்துக் கிராணி வாசலில் நின்று ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 30 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

அது நீதிமன்ற உத்தரவு அன்று, நிர்வாகத்தின் கடிதம். நீதிமன்றத் தாள் என்றால் வழக்கு எண்ணும் முத்திரையும் இருக்கும். வாடகைக்கு இருப்பவரை, வாடகைக் காலம் முடிந்த பிறகும், வழக்குப் போடாமல் வெளியேற்றக் கூடாது என்பது நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7ஆம் பிரிவு. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பப் பெற வழக்குத் தொடரலாம் என்கிறது 8ஆம் பிரிவு.

ஆனால் வேலையோடு கிடைத்த லயத்து வீட்டை நீதிமன்றம் எப்போதும் வாடகை வீடாகக் கருதுவதில்லை. வேலை போனால் குடியிருக்கும் அனுமதியும் போயிற்று என்று நிர்வாகம் வாதிடும். அதனால் வீட்டு வாடகை பிடித்ததைக் காட்டும் பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். தகரப் பெட்டியில் கிடக்கும் அந்தச் சீட்டுதான் நாளைக்குப் பேசும்.

நம்மவர்கள் பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். சம்மன் வந்தால் பயந்து மடித்து வைத்துவிடுகிறோம். அனுமதியின்றித் தங்கியிருப்பவர் மீது போடும் சுருக்க வழக்கு பெரும்பாலும் சத்தியக் கடுதாசிகளை வைத்தே முடிந்துவிடும். நாம் பதில் எழுதிக் கொடுக்காவிட்டால், ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும்.

தீர்ப்புக் கிடைத்தாலும் மானேஜரோ அவருடைய ஆட்களோ கதவை உடைக்க முடியாது. வீட்டை மீட்கும் ரிட் ஆணையைத் தனியே பெற வேண்டும். குடியிருப்போர் அனைவருக்கும் போதிய அறிவிப்புக் கிடைத்ததா என்று பார்த்த பிறகே நீதிமன்றம் பொதுவாக அதற்கு அனுமதி தரும். அதை நிறைவேற்றுபவர் பெய்லிப். உயர் நீதிமன்றமானால் ஷெரிப். அவர் வந்தால் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைகலப்பு மட்டும் வேண்டாம், தடுப்பது குற்றம். அவகாசம் வேண்டுமென்றால், அந்த நாளுக்கு முன்பே ஆணையை நிறுத்தி வைக்க நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்திலோ கேட்டுப் பார்க்கலாம். போகும்போது கடிதம், சம்மன், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.