கோழிக்கு வரும் கட்டிகளும் வீட்டு வைத்தியமும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கோழியைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் முறுவலிக்கக் கூடும். மானாவாரி வெள்ளாமையையும் கூலி வேலையையும் நம்பி வாழும் இப்பந்தல்குடி வட்டாரத்தில், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டணம் எத்தனையோ வீடுகளில் கோழிக் கூட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. இதனை நம் தாய்மார்கள் அறிவார்கள். சித்திரையில் கூடு காலியானால் வைகாசியில் விண்ணப்பம் நின்றுபோகிறது. ஆகவே இதுவும் கல்விப் பேச்சே.

கோழியின் உடம்பில் எங்கே புடைப்பைக் கண்டாலும் நாம் 'கட்டி' என்று ஒரே பெயரிட்டு, சவரப் பிளேடை எடுத்துவிடுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கொண்டை, தாடி, கண் இமை, அலகோரம் ஆகிய இறகில்லாத இடங்களில் மிளகளவாகத் தோன்றிக் கறுத்துப் பொருக்குத் தட்டுமானால், அது கோழி அம்மை. அது நச்சுயிரியால் வருவது. அம்மனின் சினத்தால் வருவதன்று. கொசு அதனைக் கோழிக்குக் கோழி பரப்புகிறது; சிறு காயத்தின் வழியாகவும் அது புகும். உதிர்ந்த பொருக்கில் பல மாதங்கள் அழியாது கிடக்கும். எனவே பொருக்கைக் கிள்ளுவதும், அறுப்பதும், சுடுவதும் நோயை விதைப்பதாகவே முடியும். இந்நச்சுயிரியைக் கொல்லும் மருந்து கிடையாது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் பொருக்கு தானே உதிர்ந்து கோழி தேறிவிடும். அதுவரை உயிரைக் காப்பதே வைத்தியம்.

இமை ஒட்டிக் கண் மூடிய கோழி இரையும் தண்ணீரும் தெரியாமல் பட்டினியால் சாகிறது. நாமோ அம்மையால் செத்தது என்கிறோம். கொதித்து ஆறிய உப்பு நீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைத்து, ஊறிய சோற்றையும் கம்பங்கூழையும் கையால் ஊட்ட வேண்டும். நோயுற்றதைத் தனியே கூடையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவது அடுத்தவர் கூட்டுக்கு நோயை விற்பதாகும். நம் பாட்டிமார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதை எள்ள வேண்டா. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் மரபுவழி மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் அமைத்து, இத்தகைய மூலிகைப் பூச்சுகளை உழவர்களுக்குக் கற்பித்தது. பூச்சு பொருக்கை இளக்கும், ஈ மொய்ப்பதையும் சீழ் பிடிப்பதையும் குறைக்கும், நச்சுயிரியை அழிக்காது. கண்ணுக்குள் படலாகாது. வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி மூச்சுத் திணறினால், அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. மருத்துவரிடம் கொண்டு செல்க.

இனி உள்ளங்கால் கட்டி. சீமைக்கருவேல் முள் குத்தாத கால் நம் பகுதியில் மனிதர்க்கே இல்லை. கோழிக்கு எங்ஙனம் இருக்கும்? முள் குத்திய வழியே கிருமி புகுந்து உள்ளங்கால் வீங்கும், நடுவில் கறுத்த பொருக்கு நிற்கும், கோழி நொண்டும். கோழியின் சீழ் நம்முடைய சீழ்போல ஒழுகாது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு போல இறுகிக் கிடக்கும். ஆகையால் பிதுக்கிப் பயனில்லை. பிதுக்கினால் கிருமி உள்ளே பரவும். முள் தெரிந்தால் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்பு நீரில் காலைக் கால்மணி நேரம் ஊறவைத்துத் துடைத்து, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவித் தூய துணியால் கட்டுக. நாள்தோறும் கட்டை மாற்றி, உலர்ந்த வைக்கோல் மேல் விடுக. வீக்கம் கணுக்காலுக்கு ஏறினால் அறுப்பது மருத்துவர் வேலை. கையைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்; அதே கிருமி நம் புண்ணிலும் சீழ் வைக்கும்.

கழுத்தடியில் மாலையில் தெரியும் புடைப்பு கட்டியே அன்று. அது இரை தங்கும் பை. விடியலில், இரை எடுக்குமுன் தடவினால் வற்றியிருக்கும். ஒரு வீட்டில் அதனை அறுத்து, தின்ற சோளம் வெளியே கொட்டக் கண்டோம்.

அம்மைக்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் இறக்கைச் சவ்வில் குத்துவர். 7 முதல் 10 நாளில் அங்கே சிறு தடிப்பு எழுந்தால் ஊசி பிடித்தது என்று பொருள். கிருமியின் வீரியத்தை ஆய்வுக்கூடத்தில் குறைத்து நோயைத் தடுக்கலாம் என்று பாஸ்டர் 1880 அளவில் கண்டதும் கோழிகளிடத்தில்தான். நம் மாநிலத்திலேயே, கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இராணிப்பேட்டையில் இருக்கிறது.

நம்மவர் மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்வர். கோழியைக் கொண்டு செல்லக் கூசுவர். ஒரு கோழிக்காகவா வந்தாய் என்பார்களோ, காலனி ஆள் என்று வாசலில் நிறுத்துவார்களோ என்ற தயக்கம். இத்தயக்கம் காரணமற்றதன்று, எங்கெங்கோ வாசல்களில் நிறுத்தப்பட்ட பெரியவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆனால் அரசு மருந்தகம் எவர் வீட்டுத் திண்ணையும் அன்று. அது நமக்கும் உரியது. தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பல கோழிகளுக்கான மருந்து இருப்பதால், தெரு முழுவதும் ஒரே நாளில் போடுவதே முறை. இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கோழிகளின் எண்ணிக்கையையும் வயதையும் குறித்து, தை மாதமே மனு எழுதிக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். ஊசி போடும் நாளுக்கு முந்தைய இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்து வைக்கும்படி தாய்மார்களிடம் சொல்லிவிடுங்கள். விடிந்தபின் தெருவில் துரத்திப் பிடிப்பது ஆகாத காரியம்.