ஏலாதியும் அஞ்சறைப் பெட்டியும்



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரைத் தாங்கி நிற்பவை: திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. இவற்றுள் பின்னிரண்டையும் இயற்றிய காரியாசானும் கணிமேதாவியாரும் சமணர் என்பது இவ்வவை அறிந்ததே. பாட்டுக்கு ஆறு கருத்துகளைச் சொல்ல வந்த கணிமேதாவியார், தம் நூலுக்கு ஆறு சரக்குகள் கூடிய ஒரு சூரணத்தின் பெயரைச் சூட்டினார். அச்சூரணத்துக்கு மரபு வகுத்த அளவும் உண்டு. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். சமண இல்லத்தார் சற்றே நின்று பார்க்க வேண்டிய பட்டியல் இது. ஏலமும் மிளகும் திப்பிலியும் காய், பட்டை மரத்தின் தோல், சிறுநாவற்பூ மலர். மண்ணுக்கு அடியிலிருந்து வருவது சுக்கு ஒன்றே. இஞ்சியை விலக்கும் குடும்பங்களும், அது தானே உலர்ந்து சுக்கான பின் ஏற்றுக்கொள்வது வழக்கம். எந்தச் செடியின் எந்த உறுப்பு, அதை எடுத்தபின் செடி பிழைத்திருக்குமா, அதனுள் எத்தனை உயிர்? சமண அடுக்களை ஒவ்வொரு சரக்கிடமும் கேட்டுவந்த கேள்விகள் இவை.

சூலக்கரையின் கரிசலில் மல்லி விளையும், மிளகாய் விளையும். ஏலாதியின் ஆறு சரக்குகளுள் ஒன்றுகூட இங்கு விளைவதில்லை. அவை மழைவளம் மிக்க மலைநாட்டிலிருந்து வணிகர் கைமாறி வந்தவை. இதே மாவட்டத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி புகழோடு விளங்கியதையும், அதன் மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் இருப்பதையும் வரலாறு கூறும். அப்பள்ளிக்கு உணவளித்த இல்லறத்தாரும் மலைச்சரக்கைக் கண்ணால் பார்த்தும் பெயர் சொல்லிக் கேட்டுமே வாங்கியிருப்பர். உறையில் அடைத்த பொடி அன்று ஏது?

சிறுநாவற்பூ என்பது சிறுநாகப்பூ. நாககேசரம் என்றும் வழங்கும். வெண்ணிற இதழ்களின் நடுவே பொன்னிறத் தாதுக்கள் திரண்டிருக்கும் இம்மலரைத் தருவது நாங்கு மரம். அதன் கட்டை இரும்பு போல் வலிது. ஆனால் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால், காட்டு இலவங்க மரத்தின் உலர்ந்த பிஞ்சு கிடைப்பதும் உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

திப்பிலியின் கதை பெரிது. வெற்றிலை, மிளகு, திப்பிலி மூன்றும் ஒரே குடும்பத்துக் கொடிகள். பிப்பலி என்ற வடசொல்லே கிரேக்கத்தில் பெபெரி ஆகி, இலத்தீனில் பிப்பெர் ஆகி, இன்று மிளகைக் குறிக்கும் பெப்பர் என்னும் ஆங்கிலச் சொல்லாக நிற்கிறது. தங்கை பெயரை அக்காள் எடுத்துக்கொண்டாள் எனலாம்! விருதுநகர்ச் சந்தைக்குப் பெயர் வாங்கித் தந்த மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே வந்தது. அதற்கு முன் தமிழர் அறிந்த காரம், மிளகும் திப்பிலியும் தந்த காரமே.

இனி, இன்றைய அஞ்சறைப் பெட்டி. பிரியாணிக்கும் குருமாவுக்கும் இன்று இன்றியமையாததாகிவிட்ட கல்பாசியை வடநாட்டார் கல்லின் பூ என்பர். அது பூவன்று, செடியுமன்று. பூஞ்சையும் பாசியும் இணைந்து பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்து வாழும் கூட்டுயிர். மிக மெல்ல வளர்வது. சுரண்டி எடுத்த இடத்தில் மீண்டும் படர ஆண்டுகள் ஆகும். சூடான எண்ணெயில் விழும்வரை அதன் மணம் அவ்வளவாக வெளிப்படுவதில்லை. பாசியையும் காளானையும், எண்ணற்ற உயிர்கள் ஓருடலில் வாழும் வகையில் சேர்த்து எண்ணுவது சமண ஆகமம். காளானைத் தொடாத வீட்டில் கல்பாசி மட்டும் தடையின்றி நுழைந்தது பூ என்ற பெயரின் துணையால்தான் போலும். கல்பாசியை விலக்குவதே கொள்கைக்குப் பொருந்தும். அதனால் சுவை ஒன்றும் குன்றிவிடாது. பட்டையும் ஏலமும் அந்த இடத்தை நிரப்பும்.

மராட்டி மொக்கைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பழமொழியில் கிளி காத்திருந்த அதே இலவ மர இனத்தின் உலர்ந்த மொட்டு அது.

பெருங்காயம்தான் கடினமான இடம். வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையலுக்கு அதுவே துணை. ஆயினும் அது, ஈரான், ஆப்கானிஸ்தான் நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் செடியின் தடித்த வேரைக் கீறி வடிக்கும் பால். செடி முதிர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பின் பால் வற்றும்வரை வேரை மீண்டும் மீண்டும் சீவுவர். இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில் பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் இச்செடியை நட்டனர். அதுவரை இந்தியா முற்றிலும் இறக்குமதியையே நம்பியிருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் மாவும் மிகுதி. கிழங்கை உண்ணாதார் வேர்ப்பாலை உண்ணலாமா என்று இளைஞர் கேட்டால், அதை விதண்டாவாதம் என்று ஒதுக்குதல் தகாது. பாலை எடுத்து வேரை உண்ணாது விடுவதால் ஏற்கலாம் என்போர் உளர். நோன்பு நாளிலேனும் விலக்குவோம் என்போரும் உளர். இரு சாராரும் அறிந்தே முடிவெடுத்தவர்கள். அறியாமல் அள்ளிப் போடுவதே குறை.

உறைப் பொடிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத்த மாவுக்கும் பொடிக்கும் மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் எனத் திகம்பர மரபு எல்லை வகுத்தது. நுண்ணுயிர் தோன்றும் காலத்தைக் கருதிய கணக்கு அது. மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் கரம் மசாலா இந்த எல்லைக்குள் எங்ஙனம் அடங்கும்? உறையின் பின்புறத்தைப் படித்தால் சிலவற்றில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் கண்ணில் படும். முழுச்சரக்காக வாங்கி வேண்டும்போது இடித்துக்கொள்வோர்க்கு இவ்விரு கவலையும் இல்லை. உரலை எடுத்துப் பரணில் போட்ட வீடுகளிலும் சிறு மின் அரைவை இருக்கத்தானே செய்கிறது?

வாங்கும்போது பெயரைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். மழைக்காலத்து ரசத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே திப்பிலி என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதைத் தருவார். அரிசித்திப்பிலி என்றால் காய் வரும். கண்டந்திப்பிலி என்றால் கொடியின் கணுத்துண்டு வரும். தேசாவரம் என்றால் வேர் வரும்.